லாம்ப்சகஸ் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை

மன்னார்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் மறுபடியும் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருடைய பழைய மாணவர்கள் நாலைந்து பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, சாருக்கு ஒரு மார்பளவு சிலை வைக்க வேண்டும், வருஷா வருஷம் அந்த நாளில் மாலை போட்டு விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு உனக்குப் போன் போட்டது தப்பாகப் போயிற்று. "வீட்டுக்குள்ள ஒரு சாமி படம் மாட்ட விடாத மனுஷனைச் சாமியாக்கப் போறீங்களா? எதையும் ஏன்னு கேளுன்னு சொன்னவரைக் கும்பிடுறதைவிட அவருக்குப் பெரிய துரோகம் கிடையாது" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று நாளாகப் பரணிலிருந்து என் பழைய வகுப்புக் குறிப்புகளை இறக்கி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் முப்பது வருஷம் பண்டைய வரலாறு நடத்தியவளுக்கு அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நீ போட்ட சண்டையைக் கிரேக்கர்கள் ஆயிரம் வருஷம் போட்டிருக்கிறார்கள். செத்தபின் ஒன்றுமில்லை என்றவருக்கு மாதாமாதம் விருந்து வைத்தார்கள். சூரியன் தெய்வமில்லை, கொதிக்கும் பாறை என்றவருக்குப் பலிபீடம் எழுப்பினார்கள். எல்லாம் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. நீ திட்டுவது ஒரு வகையை. அந்த மாணவர்கள் மனதில் இருப்பது வேறொன்றாகவும் இருக்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். கிரேக்கர்களுக்குக் கடவுளும் மனிதனும் இரண்டே தட்டில் இல்லை. நடுவில் 'ஹீரோஸ்' என்றொரு படி இருந்தது. இறந்தபின்னும் ஊரைக் காக்கவோ கெடுக்கவோ வல்லவன் என்று நம்பப்பட்ட மனிதன். நம் நடுகல்லை நினைத்துக்கொள், ஓரளவு பிடிபடும். ஊரை நிறுவியவன், போரில் விழுந்தவன், ஒலிம்பியாவில் ஜெயித்தவன் எல்லோரும் அந்தப் படிக்கு ஏறலாம். தாசோஸ் தீவில் தியாஜெனிஸ் என்ற மல்லனுக்குச் சிலை வைத்தார்கள். அவனுக்கு ஆகாத ஒருவன் ராத்திரி ராத்திரி வந்து சிலையைச் சாட்டையால் அடிப்பானாம். ஒரு நாள் சிலை சரிந்து விழுந்து ஆளை நசுக்கிவிட்டது. செத்தவனின் பிள்ளைகள் சிலைமேல் கொலை வழக்குப் போட, ஊரார் சிலையைக் கடலில் தள்ளினார்கள். பிறகு விளைச்சல் பொய்த்தது. டெல்ஃபியில் குறி கேட்டு, மீனவர் வலையில் சிக்கிய சிலையைத் திரும்ப நிறுத்திக் கடவுளுக்குப் போலப் பலியிட்டார்கள். சிலை வைத்தால் என்னென்ன வம்பு வரும் என்று உன் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தந்துவிட்டேன், பார்.

ஆக, தத்துவஞானிகள் வந்தபோது வழிபாட்டுப் பாத்திரம் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இவர்களையும் ஊற்றிக்கொண்டார்கள்.

நீ பயப்படுகிற வகைக்கு முதல் ஆள் பித்தாகரஸ். சாமோஸ் தீவில் பிறந்து, கி.மு. 530 வாக்கில் தெற்கு இத்தாலியின் குரோட்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அரிஸ்டாட்டில் அந்தக் கூட்டத்தாரைப் பற்றி எழுதிய நூல் தொலைந்துவிட்டது. பிறர் எடுத்தாண்ட துண்டுகள் மட்டும் மிச்சம். அவற்றைப் படித்தால் சிரிப்பும் வரும், உடம்பும் சிலிர்க்கும். குரோட்டன்காரர்கள் அவரை வடதேசத்து அப்போலோ என்றே அழைத்தார்களாம். அவருக்குத் தொடை தங்கத்தால் ஆனது. ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் காட்சி தந்தார். ஓர் ஆற்றைக் கடக்கும்போது அந்த ஆறே அவர் பெயரைச் சொல்லி வணங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவுள்ள உயிர்களை அவர்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: ஒன்று கடவுள், ஒன்று மனிதன், மூன்றாவது பித்தாகரஸ் மாதிரியானவர்.

இதன் விலை என்ன தெரியுமா? சீடர்களிடம் ஏன் என்று கேட்டால் 'அவரே சொன்னார்' என்பதுதான் பதில். அதோடு பேச்சு முடிந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து ரோமாபுரியில் சிசரோ இதைச் சொல்லியே அவர்களைக் கண்டித்தார். வாதத்தில் பெயரின் கனத்தைப் பார்க்காமல் காரணத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அதே சிசரோ மெட்டபோன்டம் ஊருக்குப் போனபோது, தங்க வேண்டிய வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் பித்தாகரஸ் உயிர்விட்ட இடத்தையும் அவர் உட்கார்ந்த ஆசனத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அவரே எழுதியிருக்கிறார். திட்டுகிறவருக்கும் கால் அங்கேதான் போகிறது. உன்னைப் பற்றியும் ஒன்று சொல்லப்போகிறேன், இரு.

அடுத்தவர் எம்பிடோக்கிளிஸ். சிசிலியில் அக்ரகாஸ் ஊர்க்காரர், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. மண், நீர், நெருப்பு, காற்று என்று நான்கு வேர்களை வைத்து உலகத்தை விளக்கினவர். இவரைச் சாமியாக்க மற்றவர்கள் தேவைப்படவில்லை. தன்னைச் சாகாத தெய்வம் என்று தன் பாட்டிலேயே சொல்லிக்கொண்டார். தலையில் நாடாவும் பூவும் சூடி ஊருக்குள் போனால் ஆயிரக்கணக்கானவர் பின்னால் வந்து குறி கேட்கிறார்கள், நோய்க்கு மருந்து கேட்கிறார்கள் என்றும் பாடினார். அப்பாவுக்கு இந்த ஆளை அறவே பிடித்திருக்காது. ஆனால் செலினஸ் ஊர்க் கதை ஒன்று உண்டு. அந்த ஊர் ஆறு நாறிப்போய் ஜனங்கள் மடிந்தார்களாம், பெண்கள் பிரசவத்தில் செத்தார்களாம். எம்பிடோக்கிளிஸ் தன் கைக்காசைப் போட்டு, பக்கத்தில் ஓடிய இரண்டு ஆறுகளைத் திருப்பி இதில் சேர்த்துவிட, தண்ணீர் தெளிந்தது, நோய் நின்றது. ஆற்றங்கரையில் ஊரே விருந்துண்டுகொண்டிருந்தபோது அவர் அந்தப் பக்கம் வந்தார். எல்லோரும் எழுந்து விழுந்து கும்பிட்டார்கள். வாய்க்கால் வெட்டினவரைக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அவரோ கடவுள் பட்டத்தை நிலைநாட்ட எட்னா எரிமலைக்குள் குதித்தார் என்றும், மலை அவருடைய வெண்கலச் செருப்பை மட்டும் வெளியே துப்பிக் காட்டிக்கொடுத்தது என்றும் கதை வளர்ந்தது. வணங்கினவர்களிடம் இல்லாத கோணல், வணக்கத்தை நம்பினவரிடம் வந்துவிட்டது.

பிளேட்டோ கதை நம் வீட்டுக் கதை மாதிரி. அவர் இறந்தது கி.மு. 347 வாக்கில். அவருக்குப் பின் அகாடமியின் தலைவரானவர் ஸ்பியூசிப்பஸ், பிளேட்டோவின் சகோதரி போட்டோனியின் மகன். அவர் பிளேட்டோவின் இழவு விருந்தைப் பற்றி எழுதியபோது, ஏதென்ஸில் உலவிய ஒரு பேச்சையும் குறித்து வைத்தார். பிளேட்டோவுக்கு உண்மையான தகப்பன் அப்போலோவாம். ஊரறிந்த தகப்பன் அரிஸ்டனின் கனவில் அப்போலோ வந்தாராம். பிள்ளை பிறக்கும்வரை அவர் மனைவியை நெருங்கவில்லையாம். யோசித்துப் பார். ஆள் போய் ஈமச் சாப்பாட்டின் சூடு ஆறவில்லை, சொந்த மருமகன் கையால் மாமனுக்குத் தெய்வப் பிறப்பு எழுதப்படுகிறது. தாத்தா பாட்டியின் பெயரெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளை! பிறகு பிறந்தநாளும் பொருந்தி வந்தது. தார்கீலியோன் மாதத்தின் 7-ஆம் நாள் அப்போலோ பிறந்த நாள், அதுவே பிளேட்டோவுக்கும். முந்தின நாள், 6, ஆர்ட்டெமிஸ் பிறந்த நாள், அது சாக்ரடீஸுக்கு. பிரசவம் பார்க்கும் தெய்வத்தின் நாள் மருத்துவச்சி மகனுக்கு. எவ்வளவு நறுக்கென்று பொருந்துகிறது பார்த்தாயா? இப்படிப் பொருந்துகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அப்பா சொல்வார்.

ஆனால் அதே அகாடமியில் இருபது வருஷம் படித்த அரிஸ்டாட்டில், பிளேட்டோவின் மையக் கொள்கையையே மறுத்து எழுதினார். எழுதும் முன், அதைக் கொண்டுவந்தவர்கள் தனக்கு வேண்டியவர்கள் என்பதால் இந்த வேலை கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உண்மைக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுதினார். மருமகன் கதை எழுதினார், மாணவர் மறுப்பு எழுதினார். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன.

இப்படிப்பட்ட கதை எப்படிப் பிறக்கிறது என்று லூசியன் என்ற எழுத்தாளர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கி.பி. 165-இல் ஒலிம்பியா விளையாட்டுக் கூட்டத்தின்போது பெரிகிரினஸ் என்கிற துறவித் தத்துவவாதி, மரணத்தை எப்படி அலட்சியம் செய்வது என்று உலகுக்குக் காட்டப்போவதாகச் சொல்லித் தீ மூட்டி அதில் குதித்தார். லூசியன் குறும்புக்காரர். திரும்பி வரும் வழியில் விவரம் கேட்டவர்களில் வெகுளிகளாகப் பார்த்து, பூமி அதிர்ந்தது, நெருப்பிலிருந்து ஒரு பிணந்தின்னிக் கழுகு எழும்பி மனிதக் குரலில் பேசிக்கொண்டே வானத்துக்குப் போனது என்று கதை கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நரைத்த தாடியோடு ஒரு கண்ணியமான பெரியவர் வந்தார். தீயிலிருந்து கழுகு பறந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்தார். தான் அவிழ்த்துவிட்ட கழுகு தனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டதை லூசியன் கண்டார்.

இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், அன்றைக்கு வந்த மாணவர்களில் ஒருவர், "சார் என் தலையில் கை வைத்தார், என் திக்குவாய் போய்விட்டது" என்றார். மற்றவர்கள் கண்ணீர் விட்டார்கள். நடந்தது எனக்குத் தெரியும். அப்பா அந்தப் பையனைக் காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி, ஒரு வருஷம் முழுக்க, செய்தித்தாளின் முதல் பக்கத்தை உரக்கப் படிக்க வைத்தார். தடுமாறும்போது அவசரப்படுத்தாமல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முந்நூறு காலைகள் ஒரு நொடிக் கைவைப்பாகச் சுருங்கிவிட்டன. நான் சும்மா இருக்கவில்லை, செய்தித்தாளை நினைவூட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம், டீ எனக்கும் கொடுப்பார்" என்றார். உன் கோபத்தின் நியாயம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சாமியாக்கினால் அந்த டீயும் செய்தித்தாளும்தான் முதலில் காணாமல் போகும்.

இனி என் கட்சி. எபிக்யூரஸ்.

அப்பாவுக்கு இவரைப் பிடிக்கும் என்பது உனக்கே தெரியும். கி.மு. 341-இல் பிறந்து 270-இல் இறந்தவர். உலகம் அணுக்களும் வெற்றிடமும். கடவுள்கள் இருக்கிறார்கள், ஆனால் நம் விஷயத்தில் தலையிட மாட்டார்கள். உடம்போடு உயிரும் கலைந்துவிடும், ஆகவே சாவைக் கண்டு பயப்பட ஏதுமில்லை. ஏதென்ஸில் 80 மினா கொடுத்து ஒரு தோட்டத்தை வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தார். பெண்களும் அடிமைகளும் அந்தத் தோட்டத்தில் உடனிருந்து படித்தார்கள். இப்படிப்பட்டவரின் உயில் அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது? தன் தாய் தகப்பனுக்கும் சகோதரர்களுக்கும் நீத்தார் கடன் செய்யப் பணம் ஒதுக்குகிறார். காமீலியோன் மாதம், நம் தை வாக்கில் வரும், அதன் 10-ஆம் நாள் தன் பிறந்தநாளை வருஷந்தோறும் கொண்டாடச் சொல்கிறார். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் நாள், தன்னையும் தனக்கு முன்னால் இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸையும் நினைத்து எல்லோரும் கூடிச் சாப்பிடச் சொல்கிறார்.

அவர் இருக்கும்போதே வழிபாடும் நடந்தது. ஒரு நாள் அவர் இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கொலோட்டிஸ் என்ற இளைஞன் தாங்க முடியாமல் விழுந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டான். தெய்வத்துக்குச் செய்யும் நமஸ்காரம். எபிக்யூரஸ் என்ன செய்தார் தெரியுமா? அவனைத் திட்டவில்லை, ஆசீர்வாதமும் செய்யவில்லை. பதிலுக்குத் தானும் அவனை வணங்கினார். நீயும் எனக்குச் சாகாதவனாக இரு, என்னையும் அப்படி நினைத்துக்கொள் என்ற பொருளில் அவனுக்குக் கடிதமும் எழுதினார். இதை எழுதிவைத்த புளூட்டார்க் கேலிக்காகத்தான் சொல்கிறார். எனக்குக் கேலியாகப் படவில்லை. விழுந்தவனைத் தூக்கித் தன் உயரத்துக்கு நிறுத்திய ஆசிரியரை வேறெங்கே பார்த்தாய்?

சீடர்கள் அவர் முகத்தை மோதிரத்திலும் குடிக்கும் கோப்பையிலும் பதித்துக்கொண்டார்கள். படுக்கையறையில் அவர் படம் வைத்துக்கொண்டதையும், பிறந்தநாளிலும் 20-ஆம் நாள்களிலும் விழா எடுத்ததையும் கி.பி. முதல் நூற்றாண்டில் புளினி எழுதுகிறார். ஆள் போய் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இருபதாம் தேதிச் சாப்பாடு நிற்கவில்லை. லத்தீன் கவி லுக்ரீஷியஸ் அவரைக் கடவுள் என்றே பாடினார். மூடநம்பிக்கையின் காலடியிலிருந்து மனிதர்களை எழுப்பியவர் என்பது அதற்குக் காரணம்!

உன் கேள்வியை அப்படியே சிசரோ கேட்டிருக்கிறார். சாவுக்குப் பின் நமக்கு ஒன்றுமில்லை என்ற மனிதர், செத்தபின் தன் பிறந்தநாளை யாருக்காகக் கொண்டாடச் சொல்கிறார்? பதில் எபிக்யூரஸ் கூட்டத்தாரிடமே இருந்தது. கடவுளுக்கு நம் பூவும் புகையும் தேவையில்லை. நல்ல நிலையில் ஓர் உயிர் இருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்கிறவனுக்குத்தான் வழிபாட்டால் லாபம். ஞானியை மதிப்பதும் அப்படியே, நன்மை மதிப்பவனுக்கு. செத்தவர் வந்து சாப்பிடப் போவதில்லை, இருக்கிறவர்கள் ஒரே இலையருகே உட்கார வேண்டும். அந்த உயிலை நான் திரும்பத் திரும்பப் படிப்பது விருந்துக்காக இல்லை. விருந்துக்கு ஏற்பாடு செய்த அதே உயிலில், மெட்ரோடோரஸின் பிள்ளைகளை வளர்க்க வேண்டும், பெண் குழந்தையைத் தக்க வயதில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மிஸ் என்ற அடிமைக்கு விடுதலை தரப்படுகிறது. நோய் முற்றி வலியில் துடித்த கடைசி நாளில் எழுதிய கடிதத்திலும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படிதான் கேட்கிறார்.

இதிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். அவர் சொன்னதை மாற்றுவது அவருடைய கூட்டத்துக்குப் பாவமாகவே ஆகிவிட்டது. நூமேனியஸ் என்பவர் பிற்காலத்தில் இதைப் பாராட்டாக எழுதினார். எனக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை.

இன்னொன்று. தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து எதையும் செய்யும்படி எபிக்யூரஸ் ஒருவருக்குச் சொன்னதாக செனகா எழுதுகிறார். அப்பா போனதிலிருந்து நீ சிகரெட்டைத் தொடவில்லை என்று உன் மனைவி சொன்னாள். அப்பா எங்கும் இல்லை என்று நம்புகிறவன்தானே நீ? யார் பார்க்கிறார் என்று விட்டாய்? சிசரோவின் கால் மெட்டபோன்டத்துக்குப் போனது போலத்தான் இது. வேறென்ன.

கும்பிடு வேண்டாம் என்று மறுத்தவரையும் சொல்ல வேண்டும். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன புளோட்டினஸ் தன் பிறந்த மாதத்தையோ நாளையோ யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பலியும் விருந்தும் வைத்துவிடுவார்கள். படம் வரையவும் சம்மதிக்கவில்லை. இந்த உடம்பே ஒரு நிழல், நிழலுக்கு நிழல் எதற்கு என்பது அவர் வாதம். சீடர் அமீலியஸ் விடவில்லை. அந்தக் காலத்தின் சிறந்த ஓவியனைக் கூட்டிவந்து வகுப்பில் உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு பிறகு வரையச் செய்தார். ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. தடுத்தாலும் அன்பு ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது. ஆனால் அதே புளோட்டினஸ் பிளேட்டோவின் பிறந்தநாளையும் சாக்ரடீஸின் பிறந்தநாளையும் பலியிட்டு, நண்பர்களுக்கு விருந்து வைத்துக் கொண்டாடினார். வந்தவர்களில் முடிந்தவர்கள் ஏதாவது எழுதிவந்து படிக்க வேண்டும். அந்த வட்டத்தில் ஒரு நாள் ஒருவர், கல்விக்காக மாணவன் ஆசிரியரின் காம இச்சைக்கும் இணங்க வேண்டும் என்று வாதித்து ஒரு கட்டுரை படித்தார். புளோட்டினஸ் பொறுக்க மாட்டாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் சீடர் போர்ஃபிரியைக் கூப்பிட்டு இதற்கு மறுப்பு எழுது என்றார். குரு பக்தி எந்தக் குழியில் போய் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறந்தநாள் விருந்தை அவர் நிறுத்தவில்லை, மறுப்பையும் விடவில்லை.

சாக்ரடீஸைப் பற்றி ஒரு வரி. ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டி கி.மு. 399-இல் அவருக்கு விஷம் கொடுத்தது ஏதென்ஸ். கி.பி. 430 வாக்கில் புரோக்ளஸ் என்ற இளைஞன் படிப்புக்காக அந்த ஊருக்கு வந்திறங்கி, நடந்த களைப்பில் ஓர் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். பக்கத்து ஊற்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அது சாக்ரடீஸுக்கென்று இருந்த புனித இடம் என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்து வணங்கிவிட்டு நகரத்துக்குள் போனான். எண்ணூறு வருஷத்துக்குப் பிறகு அந்த ஊரில் அவன் குடித்த முதல் தண்ணீர் சாக்ரடீஸின் தண்ணீர்.

கடைசியாக, அனக்சகோரஸ். இவருக்காகத்தான் இந்தக் கடிதமே.

கிளாசோமெனே ஊரில் பிறந்து, ஏதென்ஸில் அந்நகரத் தலைவர் பெரிக்ளிஸுக்கு நண்பராக வாழ்ந்தவர். சூரியன் கொதிக்கும் பாறை, பெலோபொனீஸைவிடப் பெரியது என்றார். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, சூரியனிடம் வாங்குகிறது என்றார். கிரகணம் ஏன் வருகிறது என்று சரியாகச் சொன்னார். தெய்வ நிந்தனை வழக்கு வந்தது. ஏதென்ஸை விட்டு, இன்றைய துருக்கியில் டார்டனெல்ஸ் கரையில் இருக்கும் லாம்ப்சகஸுக்குப் போய், கி.மு. 428 வாக்கில் அங்கேயே இறந்தார். அந்நியர் என்று பார்க்காமல் அந்த ஊர் அவரை அடக்கம் செய்து மரியாதை செய்ததை அரிஸ்டாட்டில் தன் நூலில் எடுத்துக்காட்டுகிறார். அறிவு, உண்மை என்ற பெயர்களில் அவருக்கு அங்கே பலிபீடம் எழுப்பினார்கள் என்று ஏலியன் எழுதுகிறார். சாகும் முன் ஊர்ப் பெரியவர்கள் வந்து, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்களாம். நான் இறந்த மாதத்தில் வருஷந்தோறும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடுங்கள் என்றாராம். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் டயோஜெனிஸ் லேர்ஷியஸ் இதை எழுதும்போது, அந்த வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது என்கிறார்.

எனக்கு ஓர் ஊகம். எபிக்யூரஸ் ஏதென்ஸுக்கு வருமுன் சில வருஷம் பாடம் சொன்னது இதே லாம்ப்சகஸில். மெட்ரோடோரஸ் அந்த ஊர். முழங்காலைக் கட்டிக்கொண்ட கொலோட்டிஸ் அந்த ஊர். சின்ன வயதில் அவர்களெல்லாம் அந்த விடுமுறையில் ஓடியாடிய பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். ஓர் அறிஞரை எப்படி நினைக்க வேண்டும் என்பதைப் பாடமாகப் படிக்காமல், விளையாடியே தெரிந்துகொண்டிருப்பார்கள். இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. இப்படி நறுக்கென்று பொருந்துவதைச் சந்தேகிக்கச் சொன்ன அப்பாவும் இதை மட்டும் மன்னிப்பார் என்று வைத்துக்கொள்.

1980 பிப்ரவரி 16 உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஆறு வயது. சூரிய கிரகணம். தெருவில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா நம்மையும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனார். மேலே பார்க்காதே, கீழே பார் என்றார். இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சம் முழுக்கப் பிறைப் பிறையாக மண்ணில் கிடந்தது. நீ பொறுக்கப் பார்த்தாய். பிறகு அவர் பையிலிருந்து முறுக்கை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். கிரகணத்தில் முறுக்குத் தின்ற பிள்ளைகளில் ஒருவர்தான் இன்றைக்குச் சிலைக்கு முதல் பணம் போட்டவர்.

நான் அவர்களிடம் பேசிவிட்டேன். சிலை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொன்னேன். அப்பா போன நாளில் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வரட்டும், இலை போட்டுச் சாப்பிடலாம். வருகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும், அதில் சார் எங்கே தப்பு செய்தார் என்று ஒன்றாவது இருக்க வேண்டும். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். படத்துக்கு ஒரு மாலை மட்டும் போடுவோம் என்று கெஞ்சினார்கள். சரி என்றுவிட்டேன். அமீலியஸை யார் தடுக்க முடியும்? உன் பக்கத்தையும் எழுதிக்கொண்டு வா. நீ அறிவியல் பிரிவில்தான் சேர வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததை எழுதலாம், நான் தடுக்கவில்லை.

அப்பாவின் திண்ணை வகுப்பு இன்னும் நடக்கிறது, இப்போது பதினான்கு பிள்ளைகள். அந்த நாளில் வகுப்பு கிடையாது, சுண்டல் உண்டு என்று நேற்று சொன்னேன். ஏன் லீவு என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த பொடியன் மட்டும் கையைத் தூக்கி, "அடுத்த வருஷமும் உண்டா டீச்சர்?" என்றான். உண்டு என்றிருக்கிறேன்.

டிக்கெட் எடுத்ததும் சொல். மருமகளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா